அழுக்குப்படாத குதிகால்

நான் பல்கலைக்கழகம் போவேனா மாட்டேனா என்பதை என்னுடைய உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு முடிவு செய்யவில்லை. அது எப்போதோ வந்துவிட்டது, பாடசாலை வாசலில் பேனர்கூடக் கட்டிவிட்டார்கள். முடிவு செய்ய வேண்டியிருந்தது எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கிற பதினோரு கல்படி.

கந்தப்பளையில் பஸ் ஏறி, கடைசி வளைவில் இறங்கி, தேயிலைக்குள்ளால் மேலே ஏறி வந்தால் எங்கள் லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். பன்னிரண்டு காம்பரா வரிசையில் எங்களுடையது ஓரத்துக் காம்பரா. கக்கூஸ் கீழே, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில். யாரோ எந்தக் காலத்திலோ கல்லைப் புரட்டிப்போட்டுச் செய்த படிகள். ஒன்று முழங்காலில் பாதி உயரம், அடுத்தது சாண்கூட இல்லை. மூன்றாவது படி ஆடும். ஏழாவதில் எப்போதும் பாசி. பாதம் முழுசாக வைக்க எந்தப் படியிலும் இடமில்லை. பிறந்ததிலிருந்து ஏறி இறங்குவதால் இதெல்லாம் என் கண்ணில் பட்டதே கிடையாது. அம்மாவைக் கைப்பிடித்து இறக்க ஆரம்பித்த பிறகுதான் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாகப் பயந்தேன்.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது போன வருஷம், கொழுந்து நிறுக்கிற இடத்தில், ஒரு பகல் வேளையில். தராசில் சாக்கைத் தூக்கி மாட்டப் போனவள் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், இருந்தாள். கை பெரும்பாலும் திரும்பி வந்தது. பேச்சு முழுசாக வந்தது, பக்கத்துக் காம்பரா அத்தையைக் கேட்டால் முன்னைவிடக் கூடுதலாகவே வந்தது என்பாள். வலது கால் மட்டும் பாதி வழியில் நின்றுகொண்டது. இடுப்பிலிருந்து தூக்கலாம், முழங்காலை மடக்கலாம், ஆனால் பாதம் மேலே வராது. ஈரத்துணி மாதிரித் தொங்கும். நடந்தால் விரல் நிலத்தில் இடறும். சமமான தரை என்றால் காலை வீசி வீசிச் சமாளிக்கலாம். எங்கள் தோட்டத்தில் சமமான தரை என்று ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாசத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் நானும் அம்மாவும்தான். காலையில் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை, பொழுது சாய்கிறபோது ஒரு தடவை, அம்மாவை நான் இறக்கி ஏற்றுவேன். அதற்கென்ன, என் அம்மாதானே. ஆனால் ஒருநாள் கவனித்தேன்: நான் விடியற்காலையில் ஊற்றி வைக்கிற தேயிலைச் சாயத்தண்ணி கோப்பையோடு ஆறிக் கிடக்கிறது. மறுநாளும் கிடந்தது. கொழுந்து பறித்த காலத்தில் இரண்டு கோப்பை சாயத்தண்ணி இல்லாமல் வாசலைத் தாண்டாதவள் அம்மா.

"ஏன் குடிக்கல?"

"வாய்க்குப் பிடிக்கல."

"நேத்தும் இன்னைக்குமா பிடிக்கல?"

அம்மா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள், "குடிச்சா போகணும்ல. நீ படிச்சுக்கிட்டு இருக்கிற நேரம் பார்த்து வரும். இனி நீ இல்லாதப்ப யாரக் கூப்பிடுறது? இப்பருந்தே பழகிக்கிறேன்."

நான் போன பிறகு எப்படி இருப்பது என்பதற்கு அவள் தாகத்தோடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த பயம் அதற்குப் பிறகு போகவே இல்லை.

நான் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டேன். அதில் பாதி நல்லது, பாதி கெட்டது. உயிரியல் பாடத்தில் நரம்புக்குள் மின்சாரம் ஓடுகிறது என்று படித்திருந்தேன். மூளையிலிருந்து வருகிற செய்தி வழியில் நின்றுபோனால், வெளியிலிருந்து நாமே அந்தச் செய்தியைக் கொடுத்தால் என்ன? போனில் தேடினேன். டேட்டா தீரத் தீரத் தேடினேன். அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. நானாகக் கண்டுபிடித்த மாதிரி ஆடினேன், ஆனால் உலகத்தில் அது எத்தனையோ வருஷமாக இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் சொல்ல ஆளில்லை. டவுன் கிளினிக்கில் அம்மாவுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பிசியோ மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். மிஸ் சிங்களம், தமிழ் கொஞ்சம் புரியும், பேச வராது. என்னுடைய சிங்களம் பரவாயில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் கேட்டேன். கடைசியில் மிஸ் சிரித்துவிட்டார். உதவித் திட்டம் ஒன்றின் மூலமாக இரண்டு மூன்று பெட்டி வந்திருக்கிறதாம், அம்மாவுக்குப் பொருந்துமா என்று பார்ப்போம் என்றார்.

பெட்டி ஒரு பழைய பாக்கெட் ரேடியோ அளவுதான். இரண்டு வயர், இரண்டு ஒட்டுப் பட்டை. முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கிற சின்ன எலும்புக்குப் பின்னால் ஒரு பட்டை. அங்கேதான் பாதத்தைத் தூக்குகிற நரம்பு போகிறது. முன்காலில் இன்னொரு பட்டை. மிஸ் பெட்டியிலிருந்த திருகாணியை மெதுவாகத் திருகினார்.

"அம்மே, என்ன மாதிரி இருக்கு?" சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்.

"எறும்பு ஊறுது," என்றாள் அம்மா. பிறகு, "கட்டெறும்பு." பிறகு, "ஐயய்யோ, பாருடி! பாருடி!"

பாதம் எழுந்தது. அம்மாவைக் கேட்காமல், அதுவாக, தூங்கி எழும்புகிற ஆளைப் போல மெதுவாக மேலே வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அம்மாவின் பெருவிரல் கூரையைப் பார்த்தது. நான் கத்தியதில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் விழித்துக்கொண்டார்.

மிச்ச வேலை ஒரு வட்டமான சின்னத் தகட்டுடையது. சப்பாத்துக்குள் குதிகாலுக்குக் கீழே அதை வைப்பார்கள். குதிகால் தரையை விட்டு எழும்பினால் பெட்டி கரண்டு அனுப்பும், பாதம் மேலே வரும். குதிகால் தரையில் பட்டால் நிறுத்தும். அவ்வளவுதான். அம்மா ஆஸ்பத்திரிக் கொரிடோரில் அந்த முனைவரைக்கும் போய்த் திரும்பி வந்தாள், ஒரு தடவைகூட இடறாமல். பளபளவென்று ஒரே மட்டமான தரை.

"குதிகாலை முதல்ல வைங்க," என்று மிஸ் சிங்களத்தில் சொல்லிச் செய்துகாட்டிக்கொண்டே கூடவே நடந்தார். அம்மா வைத்தாள்.

ஆறு கிழமைக்குத்தான் கொடுத்தார்கள். நடுவில் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். ஆறாம் கிழமை பார்ப்பார்கள். உபயோகப்பட்டால் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். எனக்குப் பல்கலைக்கழகம் தொடங்க ஏழு கிழமை இருந்தது. பஸ்ஸில் வரும்போது மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஏழு கிழமைக்குள் பதினோரு படி. ரொம்பச் சுலபம் என்று நினைத்தேன். நான் அப்படித்தான்.

செய்தி எங்களுக்கு முன்னாடியே லயத்துக்கு வந்துவிட்டது. அத்தை வேலை முடிந்து, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றாள்.

"லயத்துக்கே ஒழுங்கா கரண்டு வர மாட்டேங்குது, அண்ணிக்கு மட்டும் தனி லைனா?"

"ஒனக்கும் ஒரு வயர் இழுக்கவா?" என்றாள் அம்மா.

"எனக்கு வேணாம் தாயே. ஏற்கனவே கங்காணி கத்துற கத்துல ஒடம்பெல்லாம் ஷாக்குதான். ஏன் பாப்பா, இப்ப ஒங்கம்மாவத் தொட்டா எனக்கும் அடிக்குமா?"

"அடிக்காது அத்தை."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அத்தை ஒரு விரலால் அம்மாவின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே கையை உதறினாள். எல்லோரும் சிரித்தோம். அதுதான் அந்த இரண்டு கிழமையில் நாங்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை படியில் இறங்கினோம். நான் ஒரு படி கீழே நின்றேன். முதல் படி சரி. இரண்டாவது படியில் பாதம் மேலே வந்தது, கீழே இறங்க மறுத்தது. அம்மா எடையைப் போடப் போகிற நேரத்தில் பாதம் இன்னும் விறைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருந்தது. மூன்றாவது படியில் எதிர்மாறு, தூக்கவேண்டிய நேரத்தில் சோர்ந்து தொங்கியது. ஆடுகிற கல் வேறு. அம்மா பக்கத்து மண்மேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என் காலுக்கு முன்னாடி இது யோசிக்குதுடி. இல்லாட்டி எனக்குப் பின்னாடி யோசிக்குது. எங்கூட யோசிக்க மாட்டேங்குது."

கரண்டு போதவில்லை என்று நான் முடிவு செய்தேன். மிஸ் திருகாணிப் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டு, இதைத் தாண்டிக் கூட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் ஒரு மயிரிழை தாண்டினேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு மயிரிழை. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, "பரவால்ல, பரவால்ல" என்றாள். தோட்டத்தில் இருபத்தைந்து வருஷம் வேலை செய்தவர்களிடம் வலிக்கிறதா என்று கேட்டால் வருகிற பதில் அதுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டேன், பதிலையும் நம்பினேன், எனக்கு அந்தப் பதில்தான் தேவைப்பட்டது. ஒருநாள் பட்டையை எடுத்தபோது கீழே தோல் சதுரமாகச் சிவந்திருந்தது. குறைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் கிழமைக் கடைசியில் அம்மா விழுந்தாள்.

பனிமூட்டமான காலை. நான் குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடாமல் தானே போய்ப் பார்ப்போம் என்று இறங்கியிருக்கிறாள். ஏழாவது படி. சத்தம் கேட்டு ஓடினால் மூட்டத்துக்குள் அம்மாவின் மஞ்சள் சுவெட்டர் மட்டும் தெரிகிறது, கானுக்குள். முழங்கை இரண்டும் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அவளைத் தூக்குகிறேன் என்று வழுக்கி நானும் கானுக்குள் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் தண்ணீருக்குள். அவள்தான் முதலில் எழுந்தாள், என்னைப் பிடித்துக்கொண்டு.

பெட்டி சாமிப்பட அலுமாரிக்கு மேலே போய்விட்டது. சாயத்தண்ணி மறுபடி ஆற ஆரம்பித்தது.

"நான் போகல," என்றேன் ஒரு மத்தியானம். "அடுத்த வருஷம் பார்க்கலாம். கடிதம் கொடுத்தா விடுவாங்களாம்."

அம்மா கத்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், "நீ போகலன்னா அந்தப் பெட்டிய நான் கான்ல போட்டுருவேன். அப்புறம் ஒனக்கு மெஷினும் இல்ல, யுனிவர்சிட்டியும் இல்ல."

நடுவில் ஒரு தடவை காட்டப் போன அந்தக் கிளினிக்தான் இன்றைக்கும் எனக்கு நினைக்கக் கூச்சமாக இருக்கிற நாள். அம்மாவுக்கு நீளக்கை ரவிக்கை போட்டுவிட்டேன், முழங்கைக் காயம் தெரியாமல் இருக்க. கொரிடோரில் அம்மா நடந்தாள். பிரமாதமாக நடந்தாள்! குதிகால், விரல், குதிகால், விரல். பாடப்புத்தகத்துக்குப் படம் எடுக்கலாம். மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது.

"வீட்டில எப்படி?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பட்டென்று சொன்னாள், "நல்லா இருக்குன்னு சொல்லு."

விழுந்ததைச் சொன்னால் பெட்டியை எடுத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் பெட்டி இருக்கும், ஆனால் அலுமாரிக்கு மேலே இருக்கும். இரண்டுக்கும் நடுவில் என் வாய்தான் இருந்தது. மிஸ்ஸுக்கும் அம்மாவுக்கும் இடையில் வேறு வழியே கிடையாது. நான் சிங்களத்தில் சொன்னேன், "நல்லா இருக்குன்னு சொல்றாங்க மிஸ்." அம்மா சொன்னதைத்தானே சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பஸ்ஸில் வழிநெடுக இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கந்தப்பளை வரைக்கும் சொன்னேன், சரியாகவில்லை.

அடுத்த கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, படிக்குக் கீழே, மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலியடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தையும் கழுவி வைப்போம், திருப்பிக் கொடுக்கும்போது தகட்டைச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று எடுத்தேன். வெள்ளை கென்வஸ் சப்பாத்து, டவுன் நடைபாதைக் கடையில் வாங்கினது. அம்மா வாழ்க்கையில் போட்ட முதல் சப்பாத்து. அதற்கு முன்னால் வெறுங்கால், இல்லையென்றால் ரப்பர் செருப்பு. மண் அப்பியிருந்த அடிப்பாகத்தைத் திருப்பினேன்.

முன்பக்கம் மட்டும்தான் மண். விரல் பக்கம் செம்மண் ஏறி, கோடுகளெல்லாம் தேய ஆரம்பித்திருந்தது. குதிகால் வெள்ளை வெளேரென்று இருந்தது. கடையில் ஒட்டின ஸ்டிக்கரின் மூலைகூட அங்கே அப்படியே இருந்தது.

பீலித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க நான் சப்பாத்தை வைத்துக்கொண்டு நின்றேன். இடது சப்பாத்தைத் திருப்பினேன். அதுவும் அப்படித்தான். அது நல்ல கால்! ஓடினேன்.

"அம்மா, நீங்க குதிகால் வச்சு நடக்கிறதே இல்லையா?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"குதிகால வச்சு மலையில நடந்தா என்னாவும்? கூடையோட உருண்டுதான் போகணும். விரல ஊனித்தான் ஏறணும், விரல ஊனித்தான் எறங்கணும். ஒங்க அத்தைய வேணா கேளு."

"அப்ப ஆஸ்பத்திரியில மட்டும் எப்பிடி வச்சீங்க?"

"மிஸ் வைக்கச் சொன்னாங்க, வச்சேன். ஆஸ்பத்திரிக்கு அந்த நடை. இங்க இந்த நடை."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டியா? ஒனக்கு அந்தத் திருகாணியத் திருகத்தான் நேரம் சரியா இருந்துச்சு."

எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. அந்தப் பதினோரு கல்லில் பாதி பாதம்தான் நிற்கும், குதிகால் வெளியே தொங்கும். வெறும் வழியிலும் அம்மா விரலைத்தான் ஊன்றுவாள். குதிகால் எதிலும் படவில்லை என்றால் பெட்டியைப் பொறுத்தவரை அம்மாவின் கால் இன்னும் காற்றில்தான் இருக்கிறது. அதனால் பாதத்தைத் தூக்கியபடியே பிடித்துக்கொண்டிருக்கும். ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று தானாகவே நின்றுவிடும், அது எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. கரண்டு குறைவும் இல்லை, நரம்பில் கோளாறும் இல்லை. கொழுந்து பறிக்கிற காலுக்குக் கொரிடோர் நடைக்கான தகட்டை வைத்திருந்தோம். அதன்மேல் நான் திருகாணியை வேறு திருகியிருக்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் இதை மிஸ்ஸிடம் சொல்லப் போனால் மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

தகட்டை நானே மாற்றி வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். கை அரித்தது, உண்மையில். அம்மாவின் காலில் இருந்த சிவப்புச் சதுரத்தின் அடையாளத்தைப் பார்த்தேன், கையை மடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பதிலாக வீடியோ எடுத்தோம். நான் அம்மாவைப் பிடிக்க வேண்டும் என்பதால் அத்தை கீழே நின்று என் போனில் எடுத்தாள். முதல் தடவை முழுக்க அத்தையின் கட்டைவிரல். இரண்டாவது தடவை, "அண்ணி, இங்க பாருங்க, சிரிங்க!" என்று கத்தினாள்.

"கால எடுங்க அத்தை, முகத்த இல்ல!"

"கால எடுத்து என்னா கல்யாண ஆல்பத்துலயா போடப்போற?"

மூன்றாவது தடவை சரியாக வந்தது. படிக்கு வெளியே தொங்குகிற வெள்ளைக் குதிகால் தெளிவாகத் தெரிந்தது.

கிளினிக் நாள் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். வெளியே வாங்குப் பலகையில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். சொல்லவேண்டிய சிங்கள வசனத்தை மனசுக்குள் எத்தனை தடவை அடுக்கினேனோ தெரியாது, உள்ளே போனதும் எல்லாம் குழம்பிவிட்டது. "மிஸ், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றுதான் முதலில் வந்தது. அம்மா விழுந்தது, முழங்கை, கோட்டைத் தாண்டித் திருகினது, தோல் சிவந்தது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். கடைசியில்தான் வீடியோவைக் காட்டினேன்.

மிஸ் வீடியோவை முதலில் பார்க்கவில்லை. அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்து, பட்டை ஒட்டுகிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"விழுந்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல, நங்கி. விழுவாங்க. ஆனா இது," என்று அந்த இடத்தைத் தொட்டுக்காட்டினார், "இது வெந்துபோயிருக்கும். அம்மே வலிக்குதுன்னு சொல்ல மாட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது."

நங்கி, தங்கச்சி என்று கூப்பிட்டுத்தான் சொன்னார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மாவுக்குச் சிங்களம் முழுசாகப் புரியாது, ஆனால் தொனி புரிந்தது. "பிள்ளைய ஏச வேணாம்னு சொல்லு," என்றாள் என்னிடம். என்னை ஏச வேண்டாம் என்று நானே எப்படி மொழிபெயர்ப்பது? நான் வாய் திறக்காததைப் பார்த்து மிஸ் சிரித்துவிட்டார், அந்த அளவுக்குத் தமிழ் அவருக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது.

பிறகுதான் வீடியோ. இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை நடுவில் நிறுத்தி, குதிகாலை விரலால் பெரிதாக்கினார். எழுந்து, அம்மாவின் உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே தடித்திருக்கிற இடத்தை அழுத்தி, "இங்கயா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"அங்கதான்," என்றாள் அம்மா. "அங்கதான் ஊனுவேன்."

தகடு அங்கே போனது. முன்பாதம் கல்லைத் தொட்டால் கரண்டு நிற்கும், எடுத்தால் வரும். எவ்வளவு வேகமாக வர வேண்டும், எவ்வளவு மெதுவாக நிற்க வேண்டும் என்று மிஸ் பெட்டிக்குள் மாற்றிக்கொண்டே இருந்தார். கொரிடோரில் நடக்கச் சொல்லவில்லை. கட்டடத்துக்குப் பின்னால், துணி காயப்போடுகிற இடத்துக்குப் போகிற சின்னப் படிக்குக் கூட்டிப் போனார். அம்மா ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். மூச்சு வாங்கியது. "இப்ப எங்கூடயே யோசிக்குது," என்றாள். அதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

திருகாணிக்கு மேல் மிஸ் ஒரு பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் போட்டுவிட்டார். அது எனக்காக. படிக்குப் பிடிமானம் போடாமல் தனியாக இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அத்தை வீட்டு மாமா அந்த ஞாயிறே பழைய தண்ணிக் குழாய்களை ஊன்றி ஒரு கைப்பிடி செய்தார். ஏழாவது படியின் பாசியை நான் கத்தியால் சுரண்டினேன். அது திரும்ப வரும். மூன்றாவது படி இன்னும் ஆடும். ஆறாம் கிழமை மிஸ் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று மாதம் வைத்திருக்கலாம், பிறகு மறுபடி பார்ப்போம் என்று எழுதினார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை அம்மா சாயத்தண்ணி குடித்தாள். முழுக் கோப்பை. குடித்துவிட்டு, "இன்னைக்கு நீ வெளிய வரக் கூடாது. எட்டிப் பார்க்கவும் கூடாது" என்றாள்.

கதவுக்குப் பின்னால் நின்றேன். பெட்டி ஒவ்வொரு தடவை வேலை செய்யும்போதும் மெல்லிசாக ஒரு சத்தம் போடும். ஒன்று. இரண்டு. மூன்றில் கல் ஆடுகிற சத்தம். நான்கு. அதற்குப் பிறகு பக்கத்துக் காம்பராவில் யாரோ தண்ணீர் ஊற்ற, ஒன்றும் கேட்கவில்லை. கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்தேன். கடைசியில் கீழே கக்கூஸின் தகரக் கதவு கிறீச்சிடுகிற சத்தம் வந்தது. அந்தக் கதவுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று வருஷக்கணக்காக எல்லோரும் சொல்வோம். நல்லவேளை, யாரும் போடவில்லை.

நான் இப்போது கடல் பக்கத்து ஊர் ஒன்றில், விடுதி அறையில் இருக்கிறேன். இங்கே எல்லாம் மட்டம். ஒரு படிகூடக் கிடையாது, எரிச்சலாக இருக்கிறது. எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: அம்மா காலையில் இறங்கி ஏறி வந்ததும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பாள். ஆறேகாலுக்குள் வந்துவிடும். போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் பல் விளக்குவேன். மழைக் காலத்தில் ஆறேகாலுக்கு முந்தின அந்தப் பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அறைத் தோழிகளுக்குச் சொன்னாலும் புரியாது.

போன கிழமை ஒருநாள் ஆறேகால் தாண்டியது. ஆறரை. நான் கோல் எடுத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, அம்மா எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். அங்கே நல்ல மழை என்று முந்தின நாள் இரவு சொல்லியிருந்தாள். ஏழாவது படி கண்ணுக்குள் வந்தது, கானும் மஞ்சள் சுவெட்டரும் வந்தன. அத்தைக்கு எடுத்தேன். வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற நேரம், அவள் எடுக்கவில்லை. மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"அத்தை! அம்மா எங்க?"

"ஏன் பாப்பா, என்னா ஆச்சு? அழுவுறியா?"

"அம்மா எங்க அத்தை?"

"கீழ பீலியடியில நிக்கிறா. கோப்பையும் கையுமா. அரை மணித்தியாலமா எல்லாரையும் மறிச்சு வச்சுக் கதை அடிக்கிறா, நாங்க வேலைக்குப் போக வேணாமா? இந்தா, அண்ணி, ஒங்க மக."

போனுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், பிறகு அம்மா.

"என்னாடி?"

"ஒரு கோல் குடுத்துட்டுப் போகக் கூடாதா? நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன்!"

அந்தப் பக்கம் ஒரு வாய் சாயத்தண்ணி உள்ளே போகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"பீலிக்குப் போறதுக்கெல்லாம் ஒங்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணுமா?" என்றாள் அம்மா.